கடவுச்சொல்லில் கோயில் பெயர் வேண்டாம்

காரைக்குடியில் கணினிப் பயிற்சி வகுப்பு நடத்தும் எனக்கு, புதிதாகக் கணக்குத் தொடங்குவோர் ஆண்டுதோறும் அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. 123456 கூடாது என்பதை அனைவரும் அறிவர், அதை விட்டுவிடுகிறேன்.

ஊரறிந்த செய்தியைக் கடவுச்சொல்லாக்குவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். மறக்கக் கூடாது என்பதற்காக நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் தம் குலப்பிரிவுக்குரிய கோயிலின் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து, முதலெழுத்தைப் பெரிதாக்கி, நடுவே அட் குறி ஒன்றையும் இட்டுவிடுகிறார்கள். இணையதளமும் பச்சைக் கோடு காட்டி ‘வலுவானது’ என்று சொல்லிவிடுகிறது. செட்டிநாட்டில் அறிமுகமானதும் கேட்பதே ‘எந்தக் கோயில்?’ என்றுதான். நகரத்தாருக்குரிய இந்த நகரக் கோயில்கள் ஒன்பதுதான்; நூறு ஆண்டுகளோடு பெருக்கினாலும் தொள்ளாயிரம் சேர்க்கைகள்தாம். குறிகளையும் எழுத்து மாற்றங்களையும் கூட்டினாலும் கணினிக்கு அது நொடிப்பொழுது வேலை.

எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் அந்த ஒன்பதில் ஒன்றான இளையாத்தங்குடியையும் மகன் பிறந்த ஆண்டையும் சேர்த்து வைத்திருந்தார். உறவுக்காரப் பையன் ஒருவன் அதை ஊகித்து மின்னஞ்சலுக்குள் புகுந்து, சிங்கப்பூரிலுள்ள மகனுக்கு அம்மா எழுதுவதுபோலவே அவசரமாகப் பணம் கேட்டு எழுத, அவரும் அனுப்பிவிட்டார். போன பணம் திரும்பவில்லை.

சொற்களை நாமே தேர்ந்தெடுப்பது

ஒற்றைச் சொல்லுக்குப் பதில் தொடர்பில்லாத பல சொற்களைக் கோத்துக் கடவுச்சொல்லாக்கலாம் என்று நான்கு சொற்கள் கேட்டால் சீடை, அதிரசம், மனகோலம், தேன்குழல் என்று ஒரே தட்டிலிருந்து எடுக்கிறார்கள். தேர்வைப் பகடையிடம் விட வேண்டும். ஆர்னால்டு ரைன்ஹோல்டு 1995-இல் வகுத்த டைஸ்வேர் முறையில், ஆறு முகப் பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல் கிடைக்கும். இவ்வாறு ஆறு சொற்கள் எடுப்பது நல்லது. முதலை, ரயில், கொட்டான் (ஓலைக்கூடை), சுண்ணாம்பு என வந்தால், ரயிலேறிய முதலை கொட்டான் நிறையச் சுண்ணாம்பு கொண்டுபோவதாக மனத்தில் வரைந்துகொள்ளலாம். மற்ற சொற்களையும் அப்படியே கோத்துவிடலாம். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுவோர், ‘சுண்ணாம்பு’க்கு எஸ் போடுவதா, சிஎச் போடுவதா என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும், பலர் தடுமாறுவது அங்கேதான்.

எல்லா இடத்துக்கும் ஒன்றே

கூடவே கூடாது.

மாதாமாதம் மாற்றுவது

தேவையில்லை. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2017-ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே இந்தக் கட்டாயம் வேண்டாம் என்றது. கசிந்தது தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

தாளில் எழுதிவைப்பது

வீட்டுப் பெட்டகத்துக்குள் இருந்தால் குற்றமில்லை. கைபேசி உறைக்குள் செருகிவைப்பதுதான் ஆபத்து.