வீட்டிலிருந்து கறித்தூள் விற்றபோது நான் திருத்திக்கொண்டவை

இலங்கையின் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் கணவரின் வேலை நின்றுபோனபோது, சிறு பிள்ளையை விட்டு வெளியே போக முடியாத நான், யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் குசினியிலேயே யாழ்ப்பாணக் கறித்தூள் செய்து விற்கத் தொடங்கினேன். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்து, ஆலையில் அரைப்பித்தேன். வாசனையில் குறையில்லை. ஆனால் மாரி தொடங்கியதும் தூள் கட்டிபட்டு, பூஞ்சண வாடையுடன் சில பைகள் திரும்பி வந்தன.

பக்கத்து வீட்டு மாமி ஒரு பையைப் பிரித்து, "பிள்ளை, சூடு ஆற முதல் கட்டிப்போட்டாய்" என்றார். ஆலையிலிருந்து வரும் தூள் சூடாகவே இருக்கும்; அதை உடனே பையில் அடைத்தால் ஆவி உள்ளேயே நீராகிவிடும். அன்றிலிருந்து கறிவேப்பிலையைக் கையால் நொறுங்கும்வரை வறுக்கிறேன். அரைத்த தூளைச் சுத்தமான துணியில் பரப்பி, நன்றாக ஆறிய பின்பே சூட்டினால் ஒட்டும் பைகளில் அடைக்கிறேன். மழைநாளில் அரைப்பதே இல்லை.

விலையிலும் பிழைவிட்டிருந்தேன். சரக்கின் விலையை மட்டும் பார்த்து, அரைகூலி, எரிவாயு, பை, பஸ் செலவு, என் உழைப்பு எதையும் சேர்க்கவில்லை. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி விலையை உயர்த்தியபோது இரண்டு வாடிக்கையாளர்கள் விலகினார்கள்; மற்றவர்கள் இன்றும் என்னிடமே வாங்குகிறார்கள்.