உங்கள் வீட்டில் அமைதிப்படைக்குப் போய் வந்தவர் இருக்கிறாரா? அவரிடம் பேச உட்காரும் முன்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் எந்த ஊரை எடுத்தாலும் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களில் 1987க்கும் 1990க்கும் நடுவில் இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அவராக அதைச் சொல்ல மாட்டார். காஷ்மீர் குளிரைப் பற்றி டீக்கடையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுகிற மனிதர், யாழ்ப்பாணம் என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அன்றைக்கு இருபது வயதில் போனவருக்கே இன்று அறுபதை ஒட்டிய வயது. நாயக்காகவோ ஹவில்தாராகவோ போனவர்களுக்கு எழுபது தாண்டிவிட்டது. கேட்பதாக இருந்தால் இப்போதே கேட்க வேண்டும், அதை எப்படிக் கேட்பது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அந்தப் போரை வெறுத்தது நியாயம் என்று நினைக்கிறவன் நான். ஆனால் அந்த வெறுப்பில் பெரிய பங்கு, டெல்லியிலும் கொழும்பிலும் முடிவெடுத்தவர்களைவிட, ரயிலில் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் ஊர் திரும்பிய ஜவான் தலையில்தான் விழுந்தது. அதைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பி, அங்கே நடந்த அநியாயங்களைத் துடைத்துப்போடுவதும் தப்பு. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பேச முடியும்.

போவதற்கு முன் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள். வரலாற்றை அவரிடம் போய்ப் பாடம் கேட்காதீர்கள், அவர் பார்த்தது அவர் நின்ற ரோட்டை மட்டும்தான். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், உடனே படை போனது. யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள், இதை மறந்துவிடக் கூடாது, அவருக்கு மிகவும் வலிக்கிற இடமே இதுவாகத்தான் இருக்கும். செப்டம்பர் 26 அன்று நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த விடுதலைப் புலிகள் இயக்கத்துத் திலீபன் இறந்தார். அக்டோபர் ஆரம்பத்தில் பலாலியில் காவலில் இருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட பன்னிரண்டு புலிகள் சயனைடு சாப்பிட்டு இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் ஆபரேஷன் பவன் தொடங்கிவிட்டது. இந்திய அரசே பயிற்சி கொடுத்து வளர்த்த இயக்கத்தோடு இந்திய ராணுவமே சண்டை போட்டது. சமாதானம் காக்கப் போகிறோம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் இரண்டரை மாதத்தில் தெருச்சண்டையில் நின்றார்கள்.

அதே அக்டோபர் 21, தீபாவளி சமயம், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் இந்தியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஊர் மக்கள் கொல்லப்பட்டார்கள். இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் 1,100க்கும் மேல். 1987 நவம்பர் 25 அன்று ஒரு பதுங்கித் தாக்குதலில் இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், பரம்வீர் சக்ரா வாங்கியவர், அவரும் தமிழர்தான். கடைசிக் கப்பல்கள் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது 1990 மார்ச் 24. மெட்ராஸ் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்று காரணம் சொன்னார். அன்றைக்கு ஊரில் பலபேருடைய மனசும் அதுதான். இவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்கே உட்கார்வது என்பது முக்கியம். கல்யாண வீட்டில், பத்துப்பேர் நடுவில், "மாமா, நீங்க இலங்கைக்குப் போனீங்களாமே" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் வீட்டுத் திண்ணை, சாயங்காலம், கூட ஆள் இல்லாத நேரம். சரக்கு வாங்கிக் கொடுத்துப் பேச வைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்லுவார்கள், வேண்டாம், அப்படி வாங்கிய பேச்சை மறுநாள் அவர் நினைத்துக் கூசுவார். ஏற்கெனவே குடியில் தூக்கத்தைத் தேடுகிறவராக இருந்தால் இன்னும் மோசம்.

ஆரம்பிக்க நல்ல இடம் ட்ரங்குப் பெட்டி. கறுப்புப் பெயின்ட் அடித்து, நம்பர், ராங்க், பெயர் என்று வெள்ளையில் எழுதின பெட்டி பரணில் இன்னும் இருக்கும். அதை இறக்கச் சொல்லி உதவி செய்யுங்கள். உள்ளே டிஸ்சார்ஜ் புக், நாலைந்து போட்டோ, மெடல் இருக்கும், மெடல் நாடாவில் ஸ்ரீலங்கா என்று எழுதிய சின்னப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்று ராணுவத் தபால் முகவரி போட்ட இன்லண்ட் லெட்டர்கள் மனைவியின் பீரோவில் இருக்கும், இருந்தால் அது பொக்கிஷம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன அய்யாக்களின் கடிதம், கணக்குப் புத்தகம், கப்பல் ரசீது வரை பத்திரமாக வைத்து, முகப்பில் படம் மாட்டி வைத்திருக்கிற பூமி இது. அதே இலங்கைக்குச் செட்டிமார்கள் போய்க் கடை நடத்தியதை நாலு தலைமுறையாகச் சொல்கிறோம். துப்பாக்கியோடு அனுப்பப்பட்டவன் எழுதிய கடிதத்தை மட்டும் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறோம். அதனால் முதல் வேலையாக அந்தக் கடிதங்களைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள், முன்னும் பின்னும், தேதி தெரிகிற மாதிரி.

கேள்விகளை ஓரத்திலிருந்து தொடங்குங்கள். ஆள் எடுத்தது எங்கே, டிரெயினிங் எங்கே, முதல் சம்பளம் எவ்வளவு, கப்பலிலா விமானத்திலா போனீர்கள், ரேஷன் எப்படி, ராத்திரி சென்ட்ரியில் என்ன சத்தம் கேட்கும். இதெல்லாம் அவருக்குக் கையில் இருக்கிற விஷயம், தடுமாறாமல் சொல்லுவார். அப்புறம் மொழிக்கு வாருங்கள். தமிழ் தெரிந்த ஜவானைத்தான் செக்போஸ்ட்டில் முன்னால் நிறுத்தி விசாரிக்கச் சொல்லுவார்கள், வீடு சோதனை போடும்போது அவர்தான் பேச வேண்டும், உள்ளே இருக்கிற அம்மா "தம்பி, நீயும் தமிழ்தானே" என்று கேட்டால் அதற்குப் பதிலும் அவர்தான் சொல்ல வேண்டும். பஞ்சாபிலிருந்து வந்த ஜவானுக்கு இல்லாத சுமை இது. இதைக் கேளுங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ரொம்ப நேரம் பதில் வராது. அந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறந்து வேறு கேள்விக்குப் போய்விட்டால் அது திரும்ப வராது.

"எத்தனை பேரைச் சுட்டீங்க" என்ற கேள்வியை யாருமே, எப்போதுமே கேட்கக் கூடாது. சின்னப் பையன்கள் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆஸ்பத்திரிக்கும் வல்வெட்டித்துறைக்கும் அவரைப் பதில் சொல்ல வைக்காதீர்கள், அவர் அப்போது வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இருந்திருக்கலாம். ஆனால் அவராகவே தான் செய்த ஒன்றையோ, பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்த ஒன்றையோ சொன்னால் இரண்டு வார்த்தைகளை அடக்கிக்கொள்ளுங்கள். ஒன்று, "ஐயோ, இப்படியா பண்ணீங்க". இன்னொன்று, "பரவாயில்ல மாமா, அது உங்க தப்பு இல்ல". இரண்டாவதுதான் ஆபத்தானது, அன்போடு வருவதால் ஆபத்து என்று தெரியாது. மன்னிக்கிற உரிமை நமக்கு இல்லை. அது அந்த வீட்டு மனிதர்களுடையது, நீங்கள் தூக்கிக் கொடுத்தால் அவருக்கே அது பொய் என்று தெரியும். "சொல்லுங்க மாமா, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பதே போதும்.

ஊர் திரும்பிய கதையைத் தனியாக ஒருநாள் கேளுங்கள். என் பார்வையில் சண்டையைவிட இதுதான் அவரை அதிகம் அரித்திருக்கும். மெட்ராஸிலிருந்து கம்பன் எக்ஸ்பிரஸில் வந்தபோது யூனிஃபார்மில் வந்தாரா, மாற்றிக்கொண்டு வந்தாரா. ஸ்டேஷனில் யார் வந்தார்கள். ஊர் டீக்கடையில் என்ன சொன்னார்கள், பங்காளி வீட்டில் என்ன சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், ரிட்டயர் ஆகி ஒரு பேங்கில் செக்யூரிட்டியாக இருந்தவர், லீவில் வந்தபோது சித்தப்பா முறை உள்ளவரே "நம்ம ஆளையே சுட்டுட்டு வந்திருக்கான்" என்று பந்தியில் வைத்துச் சொன்னதாகச் சொன்னார். அவர் பதில் சொல்லாமல் இலையை மூடிவிட்டு எழுந்திருக்கிறார், அதற்கப்புறம் அந்த வீட்டு விசேஷங்களுக்கு அவர் போகவே இல்லை. சித்தப்பாவின் கோபத்துக்கும் காரணம் இருந்தது, அன்றைக்குப் பேப்பரைத் திறந்தால் யாழ்ப்பாணத்துச் சாவுச் செய்தி. அது போய் இறங்கிய இடம்தான் தப்பு.

இன்றைய நிலையோடு ஒப்பிட்டால்தான் அவருடைய வலி புரியும். 2020 ஜூனில் கல்வானில் இறந்த ஹவில்தார் பழனி, நமக்குப் பக்கத்துத் திருவாடானைப் பக்கத்துக் கடுக்கலூர்க்காரர், அவருக்கு மாவட்டமே அழுதது, அழ வேண்டியதுதான். மருது சகோதரர்களுக்கு வருஷம் தவறாமல் காளையார்கோவிலில் கூடுகிற மண் இது, வீரனை மதிக்கத் தெரியாத ஊர் இல்லை. போர் நமக்குப் பிடித்தால் சிப்பாய் நம் பிள்ளை, பிடிக்காவிட்டால் அவன் அரசாங்கத்து ஆள் என்று ஆகிவிடுகிறது. போரைத் தேர்ந்தெடுக்கிற வசதி இரண்டு பேருக்குமே கிடையாது. அமெரிக்காவில் வியட்நாம் போய் வந்தவர்களுக்கும் ஊரில் இந்த முகம்தான் கிடைத்தது. அவர்களே வசூல் பண்ணி 1982இல் வாஷிங்டனில் கறுப்புக் கல்லில் சுவர் எழுப்பினார்கள், 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள், அந்தப் போர் சரியா தப்பா என்று சுவர் பேசாது.

அவர் மனைவியை விட்டுவிடாதீர்கள். அத்தையோ ஆச்சியோ, அவர்களிடம் வேறு ஒரு கதை இருக்கும். தந்திக்காரர் தெருவில் வந்தாலே கை நடுங்கியது, ரேடியோவில் செய்தி வைக்கப் பயந்தது, ரேஷன் கடை வரிசையில் பக்கத்தில் நின்றவள் கேட்டது. அவர்களிடம்தான் இன்னொன்றும் தெரியவரும், ராத்திரி அவர் தூங்குகிறாரா என்பது. கொப்புடையம்மன் திருவிழா வேட்டுச் சத்தத்துக்கு அவர் எங்கே போய் உட்காருவார், தீபாவளியன்று ஏன் கதவைச் சாத்துகிறார் என்று கேட்டுப் பாருங்கள். போர் மனதில் விட்டுப்போகிற இந்தக் காயத்தை ஒரு நோயாக அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் சேர்த்ததே 1980இல்தான், அதிலும் வியட்நாம் ஆட்கள் விடாமல் போராடியதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஆட்களிடம் யாரும் கேட்கவே இல்லை. கனவில் கத்துவது, காரணமில்லாத கோபம், குடி இதெல்லாம் இருந்தால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது முதலில் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் போட்டுப் பேச வையுங்கள், இலவசம்தான். "பைத்தியத்துக்கா" என்று கேட்பார். "தூக்கத்துக்கு" என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதான்.

பேப்பர் வேலை இன்னொரு பக்கம். ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் அவர் கணக்கு சரியாக இருக்கிறதா, நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் போட்டாரா, பிபிஓ என்கிற பென்ஷன் ஆணையில் மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறினால் அவர் காலத்துக்குப் பிறகு அந்த அம்மா ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியிருக்கும். பதினைந்து வருஷம் முடிக்காமல் வந்து பென்ஷனே இல்லாதவர் என்றால், 65 வயது ஆனவருக்கு, ஹவில்தார் வரையிலான ராங்குக்கு, வறுமை உதவித்தொகை உண்டு. சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புக்கோடு போய்க் கேட்க வேண்டும். நீங்கள் கூடப் போங்கள், மரியாதை என்று எதையாவது செய்ய நினைத்தால் இதைச் செய்யுங்கள். மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், மைக்கில் யாராவது வந்து அந்தப் போருக்கே வக்காலத்து வாங்குவார், அவர் தர்மசங்கடத்தில் நெளிவார்.

நம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்களும் இருக்கின்றன. அங்கே இருக்கிறவர்களில் அமைதிப்படையிடம் அண்ணனைப் பறிகொடுத்தவரும் இருப்பார், பட்டினி கிடந்தபோது தன் ரேஷனிலிருந்து ரொட்டி கொடுத்த ஜவானை நினைத்துக்கொள்பவரும் இருப்பார். அவர்களையும் இதே பொறுமையோடு, தனியாக, அவர்கள் இடத்தில் போய்க் கேளுங்கள். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21க்குப் பிறகு அவர்கள் பட்ட பாடு தனி, ஒரு இயக்கம் செய்த கொலைக்கு முகாமில் இருந்த ஒவ்வொரு குடும்பத்தையும் ஊர் சந்தேகமாகப் பார்த்தது. ஜவானுக்கு 1990இல் நடந்தது அடுத்த வருஷமே அகதிக்கும் நடந்தது. ஆனால் இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கட்டிப்பிடிக்க வைத்து வீடியோ எடுக்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். அவர்களாக விரும்பினால் அவர்களே சந்தித்துக்கொள்வார்கள்.

கடைசியாகப் பதிவு பற்றி. போனிலேயே எடுக்கலாம், ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள். எடுக்கும் முன் கேளுங்கள், எடுத்த பிறகும் கேளுங்கள், எந்தப் பகுதியை அழிக்கச் சொன்னாலும் அவர் எதிரிலேயே அழியுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், யூடியூபில் போடவே போடாதீர்கள். ஒரு காப்பியைப் பென்டிரைவில் போட்டு முதலில் அவர் கையில் கொடுங்கள், யார் எப்போது கேட்கலாம் என்பதை ஒரு தாளில் அவரையே எழுதச் சொல்லி, அதை டிஸ்சார்ஜ் புக்கோடு சேர்த்து வையுங்கள்.