ராக் இசைக்குழுவின் மேடை வீடியோவை அலசுவது எப்படி? நிர்வாணாவின் ஒரு பாட்டை வைத்துக் கற்போம்

ராக் பாட்டு வீடியோக்களில் ஒரு வகை உண்டு. பெரிதாகக் கதை இருக்காது. குழு ஓரிடத்தில் நின்று வாசிக்கும், பாடும். கேமரா அவர்களைச் சுற்றிச் சுற்றி வரும். இதை பெர்ஃபார்மன்ஸ் வீடியோ என்பார்கள். ஊடகப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைப் பார்த்ததும், "சும்மா நின்று வாசிக்கிறார்கள், இதில் அலச என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். எனக்கு மிகவும் பிடித்ததே இந்த வகைதான். கதை இல்லாததால் ஒவ்வொரு ஷாட்டும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெளிவாகக் கேட்க முடிகிறது.

உதாரணத்துக்கு அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' வீடியோவை எடுத்துக்கொள்வோம். 1991 ஆகஸ்ட் 17 அன்று கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தார்கள். இயக்குநர் சாமுவேல் பேயர். பாட்டு ஐந்து நிமிடம். யூடியூபில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் படி: காதையும் கண்ணையும் பிரியுங்கள்

முதலில் திரையைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேளுங்கள். எங்கே அடங்குகிறது, எங்கே வெடிக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். இந்தப் பாட்டு அதற்கென்றே செய்தது போல இருக்கும். தொடக்கத்தில் கிட்டார் மட்டும் மெல்ல வரும், டிரம்ஸ் விழுந்ததும் எல்லாம் உறுமும். சரணத்தில் மறுபடியும் அடங்கி, கோரஸில் மறுபடியும் வெடிக்கும்.

அப்புறம் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு வீடியோவை மட்டும் பார்த்து, இன்னொரு தாளில் குறியுங்கள். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். சத்தம் இருக்கும்வரை ஒவ்வொரு 'கட்'டும், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு மாறும் இடமும், இயல்பாகத்தான் தோன்றும். அது போனதும்தான் ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நிற்கிறது, எங்கே வேகம் கூடுகிறது என்பது கண்ணில் படும். இப்போது இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டு அடங்கும் இடத்தில் படமும் அடங்குகிறதா?

இரண்டாம் படி: வழக்கங்களைப் பட்டியலிடுங்கள்

இந்த வகை வீடியோவில் நாம் எதிர்பார்க்கும் விஷயங்கள் சில உண்டு. பாடகருக்குத்தான் அதிக ஷாட், அதிலும் முகத்துக்குக் குளோஸ்-அப். கிட்டார் கம்பியில் ஓடும் விரல், டிரம்ஸில் விழும் குச்சி, குழுவினர் எல்லோரும் ஒன்றாகத் தெரியும் அகல ஷாட். தாளத்துக்கு ஏற்ற கட். குழுவைப் பார்த்து ஆடும் கூட்டம். பின்னாலிருந்து வரும் வெளிச்சம், கொஞ்சம் புகை.

இந்த வீடியோவில் ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன. கர்ட் கோபேன் இடதுகைப் பழக்கத்துக்கான ஃபெண்டர் மஸ்டாங் கிட்டாரோடு பாடுகிறார், கிறிஸ்ட் நொவொசெலிக் பேஸ் கிட்டார் வாசிக்கிறார், டேவ் குரோல் டிரம்ஸை அடித்து நொறுக்குகிறார். பழுப்பும் மஞ்சளும் கலந்த புகைமூட்டம் முழு வீடியோவிலும் நிற்கிறது.

பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். நான் திருத்தும் கட்டுரைகளில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. "குளோஸ்-அப் உள்ளது, அகல ஷாட் உள்ளது" என்று எழுதினால் அது வெறும் கணக்கெடுப்பு.

மூன்றாம் படி: இடமும் உடையும்

குழு எங்கே நிற்கிறது? அமெரிக்கப் பள்ளியின் விளையாட்டுக் கூடம் போல அமைத்த செட் அது. அங்கே போட்டிக்கு முன்பு மாணவர்களை இப்படி ஒரு கூடத்தில் திரட்டி, சியர்லீடர்களை ஆடவிட்டு, பள்ளி அணிக்கு உற்சாகமூட்டுவார்கள். இங்கே ஆடும் சியர்லீடர்கள் போட்டிருப்பது கறுப்பு உடை. நெஞ்சில் வட்டத்துக்குள் சிவப்பு 'ஏ', அதாவது அரசின்மைவாதிகளின் குறி. மங்கிய ஒளியில் ஒரு துப்புரவுத் தொழிலாளி துடைப்பக் கழியைப் பிடித்தபடி அசைந்தாடுகிறார்.

கோபேன் அணிந்திருப்பது கோடு போட்ட தொளதொள டி-ஷர்ட். எண்பதுகளின் ராக் வீடியோக்களில் தோல் உடையும், ஊதிவிட்ட தலைமுடியும், பிரம்மாண்ட மேடையும்தான் வழக்கம். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் இந்த டி-ஷர்ட் ஏன் பேசப்பட்டது என்று புரியும். எனவே ஒரு வீடியோவை அலசும்போது அதற்கு முந்தைய ஐந்தாறு வருட வீடியோக்களில் இரண்டு மூன்றையாவது பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: சத்தம் எங்கிருந்து வருகிறது?

நமக்குச் சினிமாப் பாட்டு பழகியதால் வாயசைப்பு உறுத்தாது. ஒருவர் பாட இன்னொருவர் நடிப்பதை ஏற்றுக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். ராக் ரசிகர்கள் அப்படி இல்லை. 'இவர்களே வாசிக்கிறார்கள்' என்ற நம்பிக்கை அவர்களுக்கு முக்கியம். ஆனால் பெரும்பாலான வீடியோக்களில் பதிவுசெய்த பாட்டை ஓடவிட்டு, அதற்கு வாசிப்பது போல நடிப்பார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் வியர்வை, கம்பியில் ஓடும் விரல், கழுத்து நரம்பு என்று அத்தனை நெருக்கமான ஷாட்கள்.

இதற்கு எதிர்முனையில் 2005இல் வந்த, ஆர்க்டிக் மங்கீஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'ஐ பெட் யூ லுக் குட் ஆன் த டான்ஸ்ஃப்ளோர்' வீடியோ இருக்கிறது. அதில் நேரடியாக வாசித்ததையே பதிவுசெய்து, பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் படம்பிடித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: வழக்கம் எங்கே மீறப்படுகிறது?

எல்லாப் படிகளும் இதற்காகத்தான். முன்பு எழுதிய பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே "எப்போது வருகிறது, எப்போது வரவில்லை" என்று எழுதுங்கள்.

கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் படிவரிசையில் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு மெல்லத் தலையாட்டுகிறார்கள். கடைசியில் கீழே இறங்கி செட்டையே உடைக்கிறார்கள். இதற்குப் பின்னால் உண்மையான சலிப்பு இருந்தது. பாட்டு திரும்பத் திரும்ப ஓட, அந்தத் துணைநடிகர்களை மதியம் முழுக்க உட்காரவே வைத்திருந்தார்கள். அவர்களை இறங்கி ஆட விடும்படி கோபேன்தான் இயக்குநரைச் சம்மதிக்க வைத்தார். தேங்கிக் கிடந்த எரிச்சல்தான் அப்படிப் பொங்கியது.

அடுத்து பாடகரின் முகம். சத்தமில்லாமல் பார்த்தபோது கவனித்திருப்பீர்கள், அவர் முகம் பெரும்பாலும் முடிக்குப் பின்னால் மறைந்தே இருக்கிறது. இந்த வகை வீடியோ முதலில் தரவேண்டியதை இது கடைசிவரை தராமல் வைத்திருக்கிறது. முடியப்போகும் நேரத்தில், எல்லாம் உடைந்த பிறகு, ஒரு முறை முகம் திரையை நிரப்புகிறது. பேயரின் படத்தொகுப்பு பிடிக்காமல் கோபேன் தானே உட்கார்ந்து மாற்றியபோது சேர்த்த ஷாட் அது. அந்த ஒரு ஷாட்டுக்காகவே இந்த வீடியோவைப் பாடமாக வைப்பேன்.

ஆறாம் படி: வரிகளும் படமும்

ஆண்ட்ரூ குட்வின் என்ற ஆய்வாளர் வரிக்கும் படத்துக்கும் மூன்றுவித உறவைச் சொல்கிறார்: படம் வரியை அப்படியே காட்டலாம், அதற்குப் புதிதாக எதையாவது சேர்க்கலாம், அல்லது சம்பந்தமே இல்லாமல் விலகிப் போகலாம். இந்தப் பாட்டின் வரிகள் பிடிகொடுக்காதவை, பள்ளிக்கூடக் கதை எதையும் சொல்லாதவை. என் கணிப்பில் படம் சேர்க்கும் வகை, ஏனென்றால் சலிப்பு வெடிப்பாக மாறும் கதையைக் கூடமும் கூட்டமும்தான் கொண்டுவருகின்றன. விலகும் வகை என்று நீங்கள் வாதிட்டாலும் சரி, ஷாட்டைக் காட்டி வாதிடுங்கள்.

ஏழாம் படி: எழுதுங்கள்

ஒரு பத்திக்கு ஒரு வழக்கம் போதும். வழக்கம் என்ன, இங்கே என்ன ஆகிறது, அதனால் பார்ப்பவருக்கு என்ன நேர்கிறது என்று இந்த வரிசையில் போகலாம். மாதிரிக்கு ஒன்று:

"பாடகரின் முகத்தை அடிக்கடி நெருங்கிக் காட்டுவது மேடை வீடியோவின் அடிப்படை வழக்கம். இங்கே கோபேனின் முகம் முடியாலும் புகையாலும் மறைக்கப்படுகிறது. அதனால் பார்ப்பவரின் கண் கூட்டத்தின் பக்கம் போகிறது, அவர்களே பாட்டின் நாயகர்கள் ஆகிறார்கள். கூட்டம் செட்டை உடைத்த பிறகே முகம் வெளிப்படுகிறது. அப்போது அது ஒரு நட்சத்திரத்தின் முகமாகத் தெரியவில்லை, அந்தக் கூட்டத்தில் ஒருவனின் முகமாகத் தெரிகிறது."

இதே முறையில் டிரம்ஸ் ஷாட்களைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். குரோலின் குச்சி விழும் இடமும் கட் விழும் இடமும் எங்கே சேர்கின்றன, எங்கே விலகுகின்றன என்பதிலிருந்து தொடங்கலாம்.