மிதித்தால் நின்றுபோகும் எஞ்சின்: பழைய காரில் கோளாறைப் படிப்படியாகக் கண்டுபிடிப்போம்

ஐடிலிங்கில் எஞ்சின் அமைதியாக ஓடும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் திணறி, ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகிவிடும். ஓவர்டேக் செய்யும்போது இது நடந்தால் உயிருக்கே ஆபத்து. எஞ்சின் நின்றதும் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டரிலும் ஓரிரு முறை மிதிக்கும் அளவுக்குத்தான் வேக்குவம் (உறிஞ்சு விசை) மிஞ்சும். அதனால் தள்ளிப்போடாதீர்கள். நான் சொல்வதெல்லாம் பெட்ரோல் கார்களுக்கு.

சாதாரண ஓட்டத்தில் 1 கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். மிதித்ததும் காற்று குபீரென்று நுழையும். அதே நொடியில் பெட்ரோலும் கூட வேண்டும், பொறியும் தவறாமல் விழ வேண்டும். இந்த மூன்றில் ஒன்று பின்தங்குகிறது. எது என்று தெரியும்வரை எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம்.

படி 1: எப்படி நிற்கிறது என்று எழுதுங்கள்

பக்கத்தில் இன்னொருவரை உட்காரவைத்து, ஆளில்லாத சாலையில் ஓட்டிப் பாருங்கள். குறிப்பெடுப்பது அவர் வேலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? சடாரென்று மிதித்தால் மட்டுமா, மெதுவாக மிதித்தாலுமா?

ஆர்பிஎம் முள் இருந்தால் அதையும் கவனிக்கச் சொல்லுங்கள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் சந்தேகம் இக்னிஷன், அதாவது பொறி பக்கம். இழுவை போய், ஜெர்க் அடித்து, முள் மெல்ல இறங்கினால் பெட்ரோல் அல்லது காற்று.

படி 2: காற்றுப் பாதை

ஏர் ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சமே தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, ஏர் ஃபில்டர் பெட்டிக்கும், பெடலுக்கேற்பக் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடிக்கும் நடுவே இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய். என் பழைய காரில் இதே தொல்லை வந்தபோது பெட்ரோல் பம்பையே மாற்றினேன், தீரவில்லை. நியூட்ரலில் எவ்வளவு மிதித்தாலும் நிற்காது, கியரில் மிதித்தால்தான் நிற்கும். கடைசியில் அந்தக் குழாயைக் கையால் வளைத்தபோதுதான் அடிப்பக்க மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு வாய் திறந்தது. கியரில் இழுக்கும்போது எஞ்சின் அதன் மவுண்ட்டில் சாயும், வெடிப்பு விரியும், காற்றை அளக்கும் சென்சாரின் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், கலவை மெலிந்து (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து) எஞ்சின் நிற்கும். கண்ணால் பார்த்தால் போதாது. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஒவ்வொரு மடிப்பையும் விரித்துத் தடவிப் பாருங்கள். மெல்லிய வேக்குவம் ஹோஸ்களையும் அப்படியே. பிறகு எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, 'உஸ்' சத்தம் கேட்கும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். ஐடிலிங் மாறினால் கசிவு அங்கேதான். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துணியோ போக வேண்டாம்.

படி 3: பெட்ரோல்

வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை உறிஞ்சும் சத்தம் பலமாக வந்து, மூடியைத் திறந்த பிறகு கொஞ்ச தூரம் நன்றாக ஓடினால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

கார்புரேட்டர் வண்டி என்றால், எஞ்சின் ஆஃபில் இருக்கும்போது ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். முகத்தைத் தள்ளியே வையுங்கள், நெருப்பு அருகில் கூடாது. த்ராட்டில் லீவரைச் சட்டென்று இழுத்தால் ஊசி போல ஒரு நேர்க்கோட்டில் பெட்ரோல் பீச்ச வேண்டும். சொட்டு மட்டும் விழுந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ மிதித்ததும் பெட்ரோலைப் பீச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) போயிருக்கலாம், ஜெட் (பீச்சும் துளை) அடைத்திருக்கலாம். சடாரென்று மிதித்தால் மட்டும் நிற்கும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மேட்டில் ஏறும்போது இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றால் பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு அல்லது பம்ப் பலவீனம். ஃபில்டரை முதலில் மாற்றுங்கள். இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெட்ரோல் பல மடங்கு அழுத்தத்தில் வருவதால் பிரஷர் கேஜ் சோதனையை மெக்கானிக்கிடம் விடுங்கள். அளவு பெரும்பாலும் 3 பாரை ஒட்டி இருக்கும், உங்கள் வண்டியின் சரியான எண் சர்வீஸ் மேனுவலில் உண்டு. கேஜைப் பொருத்தி மிதிக்கும்போதும் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4: பொறி

ஆறிய எஞ்சினில் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்த சிலிண்டரின் ஒயரைப் பாருங்கள். சூடேறிய பிறகு மட்டும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் அல்லது எஞ்சின் சுழற்சியை அறியும் கிராங்க் சென்சார்.

படி 5: சென்சார்

டாஷ்போர்டின் கீழ் 16 பின் சாக்கெட் இருந்தால் பழுதுக் குறியீட்டைக் காட்டும் ஸ்கேனரைச் செருகுங்கள். பி0300 என்ற குறியீடு வந்தால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் கலவை சரியாக எரியவில்லை), படி 4-க்குப் போங்கள். பி0171 வந்தால் கலவை மெலிந்திருக்கிறது. உடனே புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்ற ஓடாதீர்கள், பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்கிறது. படி 2-இலும் 3-இலும் விட்டதைத் தேடுங்கள். த்ராட்டில் பொசிஷன் சென்சாரையும் ஸ்கேனரிலேயே பார்க்கலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பெடலை மெல்ல அழுத்துங்கள். எண் படிப்படியாக ஏற வேண்டும், நடுவில் சட்டென்று விழுந்து மீண்டால் சென்சார் தேய்ந்திருக்கிறது.

பழுது பார்த்தபின் ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு, படி 1-இல் எழுதிய அதே சூட்டில், அதே கியரில், அதே மிதியில் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.