காமிக்ஸ் விலையும் வெளியீட்டு இடைவெளியும்: பதிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காமிக்ஸ் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மாதத்துக்கு இவ்வளவு என்று மனத்துக்குள் ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குள் எத்தனை கதை படிக்கலாம், எந்த நாயகனை இந்த மாதம் விட்டுவிடலாம் என்பது அவர்களுடைய கணக்கு. பதிப்பாளர் வேறொரு கணக்குப் போடுகிறார். காகிதம், அச்சுக்கூலி, உரிமத்தொகை, விற்பனையாளர் கழிவு எல்லாவற்றையும் கூட்டி, அச்சிடும் பிரதிகளால் வகுத்து அட்டையில் விலை போடுகிறார். இரண்டு கணக்கும் நேர்மையானவையே. ஆனால் வாசகரின் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்காமல் விலையையோ இடைவெளியையோ மாற்றினால், வாசகர் புகார்கூடச் சொல்லாமல் விலகிவிடுகிறார். இதற்கான சான்றுகள் அமெரிக்க, பிரிட்டிஷ் காமிக்ஸ் வரலாற்றில் நிறையக் கிடைக்கின்றன. தமிழில் காமிக்ஸ் பதிப்பிக்க நினைப்பவர்கள் அவற்றை அறிந்துகொண்டு இறங்குவது நல்லது.

பக்கம் கூடினால் விலையும் கூடலாம் என்ற நம்பிக்கை

1971-ஆம் ஆண்டின் நடுவில் சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் அமெரிக்காவின் டிசி நிறுவனம் தன் இதழ்களின் விலையை 15 சென்ட்டிலிருந்து ஒரேயடியாக 25 சென்ட் ஆக்கியது. பக்கங்களும் 32-லிருந்து 48 ஆயின. கூடுதல் பக்கங்களைப் பெரும்பாலும் பழைய கதைகளின் மறுபதிப்பு நிரப்பியது. பக்கக் கணக்குப்படி வாசகருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அதே ஆண்டு நவம்பர் தேதியிட்ட இதழ்களில் அதன் போட்டி நிறுவனமான மார்வெலும் அதே விலைக்கு, அதே பக்கங்களுக்கு மாறியது. ஆனால் ஒரு மாதத்திலேயே பின்வாங்கி, 32 பக்கம், 20 சென்ட் என்று நிறுத்திக்கொண்டது. கூடவே மொத்த விற்பனையாளர்களுக்குத் தரும் கழிவையும் உயர்த்தியது. டிசி ஏறக்குறைய ஓராண்டு 25 சென்ட்டிலேயே நின்றது. 1972-இல் அதுவும் 20 சென்ட்டுக்கு இறங்கி வந்தபோது, விற்பனையில் மார்வெல் அதை முந்தியிருந்தது.

கையில் ஒரு டாலர் வைத்திருந்த சிறுவனின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். 15 சென்ட் காலத்தில் அவனுக்கு ஆறு இதழ்கள் கிடைத்தன. டிசியை வாங்கினால் இப்போது நான்கு; மார்வெலை வாங்கினால் ஐந்து. அவன் அறிய விரும்பியது போன மாதம் ஆபத்தில் விடப்பட்ட நாயகன் என்ன ஆனான் என்பதை. அப்படிப்பட்ட நாயகர்கள் ஐந்தாறு பேர் அவனுக்கு உண்டு. நான்கு இதழ்கள்தான் கட்டுப்படியாகும் என்றால் ஒரு நாயகனைக் கைவிட வேண்டும். தடித்த இதழில் பழைய கதை ஒன்று சேர்ந்து வந்தது அந்த இழப்பை ஈடுசெய்யவில்லை. மார்வெல் கதைகள் மாதத்துக்கு மாதம் தொடர்பவையாக இருந்ததால், அவற்றைக் கைவிடுவது அவனுக்கு இன்னும் கடினமாக இருந்தது.

பக்கத்துக்கு இவ்வளவு என்ற விகிதத்தைப் பதிப்பாளர்கள் இன்றும் வாதமாக வைக்கிறார்கள். அது பதிப்பாளருக்குப் பயன்படும் அளவுகோல். வாங்குகிறவருடைய அளவுகோல் எண்ணிக்கையும் தொடர்ச்சியும்.

இந்தப் பாடத்தை டிசியே மறந்தது. 1978-இல் 35 சென்ட்டிலிருந்து 50 சென்ட்டுக்கு ஏற்றி, கதைப் பக்கங்களையும் கூட்டி, புதிய தலைப்புகளையும் வரிசையாக அறிவித்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வீசிய கடும் பனிப்புயல்கள் இதழ்கள் கடைகளுக்குப் போய்ச் சேருவதையே குலைத்திருந்தன. புதிய விலை நடைமுறைக்கு வந்த சில வாரங்களிலேயே தாய் நிறுவனம் தலையிட்டது. ஏராளமான தலைப்புகள் நிறுத்தப்பட்டன. மிஞ்சியவை குறைந்த பக்கங்களோடு 40 சென்ட்டுக்கு இறங்கின. வரைந்து முடித்திருந்த பல கதைகள் அச்சேறாமலே போயின. அந்த ஓவியர்களின் உழைப்பை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

விலையை ஏற்றவே கூடாது என்ற பிடிவாதம்

எதிர்த்திசையிலும் தவறு உண்டு. 1930-களிலிருந்து 1961 வரை அமெரிக்க காமிக்ஸ் இதழின் விலை பத்து சென்ட்டாகவே இருந்தது. விலையைக் காப்பாற்றுவதற்காகப் பக்கங்களைக் குறைத்தார்கள்; 64 பக்க இதழ் மெல்ல மெல்ல 32-க்கு வந்தது. வாசகர்கள் இதைப் பொறுத்துக்கொண்டார்கள், ஏனெனில் குறைப்பு படிப்படியாக நடந்தது. அடிவாங்கியது கடைக்காரரின் ஆர்வம். பத்து சென்ட் இதழை விற்றால் அவர் கையில் நிற்பது சில சென்ட் மட்டுமே. அதே தட்டில் விலை கூடிய வார, மாத இதழ்களை வைத்தால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். அடுத்த இருபது ஆண்டுகளில் மருந்துக்கடைகளும் மளிகைக்கடைகளும் காமிக்ஸ் தட்டுகளை அகற்றியதற்கு இந்த அற்ப லாபம் ஒரு முக்கியக் காரணம். விலையை யோசிக்கும்போது, அதை விற்கிறவருக்கு என்ன மிஞ்சும் என்பதையும் யோசிக்க வேண்டும். கடையில் இல்லாத இதழ் எவ்வளவு மலிவாக இருந்தும் பயனில்லை.

ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எவ்வளவு ஏற்றுவது? 1961-இல், அன்று விற்பனையில் முன்னணியில் இருந்த டெல் நிறுவனம் 15 சென்ட்டுக்குத் தாவியது. மற்றவர்கள் சற்றுப் பொறுத்து 12 சென்ட் ஆக்கினார்கள். டெல் வாசகர்களை இழந்து, பிறகு தானும் 12-க்கு இறங்கியது. அதன் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், பக்கத்து இதழைவிட மூன்று சென்ட் கூடுதலாக நின்றது அதற்குப் பெரும் சுமையாகிவிட்டது.

ஒரு இதழின் விலையை மட்டும் பார்ப்பது

2016-இல் டிசி தன் முக்கியத் தலைப்புகள் பலவற்றை மாதம் இருமுறை வெளியிட்டது. விலை 2.99 டாலர். அதே காலத்தில் பல மாத இதழ்கள் 3.99-க்கு விற்றுக்கொண்டிருந்தன. அட்டையைப் பார்த்தால் ஒரு டாலர் மிச்சம். ஆண்டுக் கணக்கு வேறு. மாதம் ஒருமுறை 3.99 என்றால் ஆண்டுக்கு 47.88, மாதம் இருமுறை 2.99 என்றால் 71.76. ஒரே நாயகனைத் தொடர்வதற்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு செலவு. மனமுவந்து செலவழித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் மாதத் தொகை கூடாதவர்கள் அந்த நாயகனுக்காக வேறொன்றை விட வேண்டியிருந்தது, அந்த வேறொன்று பலமுறை அதே நிறுவனத்தின் இதழாகவே இருக்கும்.

வேகம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. அதே நிறுவனம் 2006 மே முதல் 2007 மே வரை 52 வாரங்களுக்கு ஒரு தொடரை 2.50 டாலர் விலையில் கொண்டுவந்தது. ஒரு வாரம்கூடத் தவறவில்லை. நான்கு எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதினார்கள். ஒரே ஓவியர் எல்லா இதழ்களுக்கும் கட்ட அமைப்பு வரைந்து கொடுக்க, மற்றவர்கள் அதன்மேல் வரைந்தார்கள். எப்போது முடியும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்பது முதல் நாளே வாசகருக்குத் தெரிந்திருந்தது. வேகத்தைக் கூட்ட நினைப்பவர்கள் இந்த ஏற்பாடுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சொன்ன தேதியில் வராமை

நான் மிகப் பெரிதாக நினைக்கும் தவறு இதுதான். அமெரிக்காவில் காமிக்ஸ் கடைகள் திருப்பித் தர முடியாத முறையில், சில மாதங்களுக்கு முன்பே எண்ணிக்கை சொல்லி வாங்குகின்றன. 1993-இல் வேலியண்ட், இமேஜ் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ‘டெத்மேட்’ என்ற தொடரை அறிவித்தன. வேலியண்ட் தன் பகுதிகளை நேரத்துக்குத் தந்தது. இமேஜ் தரப்பின் பகுதிகள் மாதக்கணக்கில் தாமதமாயின. முடிவுரை வந்தபிறகு நடுப்பகுதி வந்தது. அதற்குள் வாசகருக்கு ஆர்வம் போய்விட்டது. கடைக்காரர் முன்பே கேட்டிருந்த பிரதிகள் விற்காமல் குவிந்தன.

தாமதம் வாசகருக்கு ஒரு விடுமுறையைக் கொடுக்கிறது. காமிக்ஸ் இல்லாமலும் மாதம் கழிகிறது என்பதை அவர் அப்போது கண்டுகொள்கிறார். பிறகு இரண்டு மாத இதழ்களைச் சேர்த்து ஒரே மாதத்தில் அனுப்பினால், அந்த மாதத் தொகைக்குள் அது அடங்காது. எனவே தாமதமும் ஒருவகை விலையேற்றமே.

இன்னொரு தவறைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1991-இல் மார்வெலின் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் ஐந்து வெவ்வேறு அட்டைகளில் வந்து எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் கடைகளுக்குப் போனது. ஒருவரே பல பிரதிகள் வாங்கினார், பின்னால் விலை ஏறும் என்று. அந்த எண்ணிக்கையை வாசகர் எண்ணிக்கை என்று நம்பி அச்சடித்தவர்கள் சில ஆண்டுகளில் தடுமாறினார்கள். 1996 டிசம்பரில் மார்வெலே திவால் பாதுகாப்பு கோரியது.

தொகுப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்வது

தொடரின் நான்காம் பாகம் வெளிவரும் முன்பே முழுத் தொகுப்பு ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தால், பலர் தனி இதழ் வாங்குவதை நிறுத்திக் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருப்பவர்கள் பெருகினால் தனி இதழ் நஷ்டத்தில் போய், தொடரே நின்று, தொகுப்பும் வராமல் போகும். தமிழ் வாசகர்களுக்கு ‘குண்டு புக்’ எனப்படும் தடித்த புத்தகங்கள் மீது இருக்கும் காதல் ஊரறிந்தது, எனக்கும் அது உண்டு. ஆனால் தனி இதழ்களைச் சந்தா கட்டி வாங்கியவர் இரண்டாம் முறை பணம் கொடுக்கும் நிலை அடிக்கடி வந்தால், அடுத்த சந்தாவின்போது அவர் யோசிப்பார். ஒரு தொடரைத் தனித்தனியாகத் தருவதா, ஒரே தொகுப்பாகத் தருவதா என்பதை முதல் பாகத்துக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

பிரிட்டனின் வார இதழ்கள் ஓர் இதழை நிறுத்துவதில்கூட வாசகரின் பழக்கத்தைக் காப்பாற்றின. விற்பனை குறைந்த இதழைத் திடீரென்று நிறுத்தாமல், அதன் பிரபலமான கதைகளோடு வலுவான இதழில் சேர்த்துவிடுவார்கள். 1974-இல் ‘லயன்’ வார இதழ் ‘வேலியன்ட்’ (மேலே சொன்ன அமெரிக்க நிறுவனம் அல்ல, பிரிட்டிஷ் வார இதழ்) இதழோடு சேர்ந்தது; 1976-இல் ‘வேலியன்ட்’ ‘பேட்டில்’ இதழோடு சேர்ந்தது. பத்திரிகைக் கடையில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த வாசகருக்கு அடுத்த வாரமும் ஓர் இதழ் வந்தது, தன் நாயகனும் அதில் இருந்தான்.

1962-இல் தொடங்கிய அந்த ‘வேலியன்ட்’டில் வாரம் சில பக்கங்களாக ஓடியவன்தான் நமது இரும்புக்கை மாயாவி. 1972-இல் முத்து காமிக்ஸ் அவனுடைய சாகசத்தை முழுக்கதையாக ஒரே புத்தகத்தில் கொடுத்தது. ‘தொடரும்’ இல்லாத முழுக்கதையைச் சிறுவர்களும் தங்கள் சில்லறைக் காசில் வாங்க முடிந்தது.

இன்றைய தமிழ் காமிக்ஸ் சூழல் வேறு. 2012-இல் தமிழின் லயன் காமிக்ஸ் 100 ரூபாய் இதழோடு மீண்டு வந்தது. அதற்கு முன் 10 ரூபாய் கறுப்பு-வெள்ளை இதழ்கள் வழக்கமாக இருந்தன. அந்த மாற்றத்தைத் தாங்கியவர்கள் அன்று சிறுவர்களாக இருந்து, இன்று சம்பளம் வாங்குகிறவர்கள். வண்ணம், நல்ல காகிதம், ஐரோப்பிய உரிமத்தொகை, குறைந்த அச்சு எண்ணிக்கை எல்லாம் சேர்ந்தால் அந்த விலை நியாயமானதே. ஆனால் ஆண்டுச் சந்தா, கூரியர் கட்டணம், புத்தகக் காட்சிச் சிறப்பிதழ்கள் எல்லாம் சேர்த்து வாசகருக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்பதை ஜனவரியிலேயே ஒரே தொகையாகச் சொல்லிவிடுவதே முறை. சந்தாவைச் சிறு பிரிவுகளாக்கி, வேண்டிய நாயகர்களை மட்டும் தேர்ந்தெடுக்க விட்டால் முழுத்தொகை கட்ட முடியாதவரும் வெளியே போகமாட்டார். புத்தகக் காட்சியில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பத்து வயதுப் பெண்ணுக்காக, முழுக்கதை கொண்ட மெல்லிய இதழ் ஒன்றைக் குறைந்த விலையில், மாதம் தவறாமல் கொண்டுவர வேண்டும். அந்த இதழில் லாபம் வராமல் போகலாம். அந்தச் செலவைத் தொகுப்புகளின் விலையில் சேர்த்துக்கொள்ளலாம்.