மீனுக்குப் போர்வை

எங்கள் ஃபைட்டர் மீனுக்குக் குளிரும் என்று ஐந்து வயது மகள் தன் போர்வையைத் தொட்டிக்குள் போடப் போனாள். உங்கள் குழந்தையும் இப்படிச் செய்தால் திட்டாதீர்கள், இரவில் தொட்டியின் வெளிப்புறமாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். மீனுக்கு இமை கிடையாது, இருட்டு அதற்கு நல்லது. மேலே வந்து காற்றைக் குடிக்கும் இனம் என்பதால் தொட்டியின் வாயை மட்டும் போர்வையால் மூட வேண்டாம். துள்ளி விழாமலிருக்கத் துளையிட்ட மூடி போதும்.

இட்லி ஊட்ட ஆசைப்பட்டாள். தீவன உருண்டைகளை எண்ணும் வேலையைக் கொடுத்தேன்: காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. மிஞ்சினால் அழுகும்.

துணைக்கு இன்னொரு ஆண் மீன் கேட்டால் கண்டிப்பாக மறுங்கள், கடித்துக் குதறிக்கொள்ளும். எங்கள் தொட்டியருகே பொம்மை யானை துணையிருக்கிறது.

குழாய்த் தண்ணீரை, குளோரின் போக, ஒருநாள் வாளியில் திறந்துவைத்து ஊற்றுங்கள். “தண்ணீர் தூங்கி எழுந்துவிட்டதா?” என்று தினமும் கேட்கிறாள். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றுகிறோம்.