ராமநாதபுரம் கடற்கரையில் காட்டுப் புற்களை இனம் காண்பது எப்படி?

உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரைக்குப் போகிறவர்கள் சவுக்குத் தோப்பையும் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் காலடியில் கிடக்கும் புற்களை யாரும் பார்ப்பதில்லை. அந்த மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். இதுவரை ஒரு புல்லின் பெயரும் தெரியாதவர்கள்கூட ஒரே காலை நேரத்தில் நான்கைந்தை அடையாளம் காணலாம்.

கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், ஓர் அளவுகோல், போன், ஒரு நோட்டு இருந்தால் போதும். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசியில் போவது நல்லது. கதிர் வராத புல்லை இனம் காண்பது பழகியவர்களுக்கே கஷ்டம்.

படி 1: புல் அல்லாததை விலக்குங்கள்

பைன் காட்டைப் பார்க்க நாம் கொடைக்கானல் போக வேண்டும். இங்கே அதேபோல ஊசி ஊசியாக உதிர்ந்து கிடப்பது சவுக்கு. காய்ந்த புல் என்று நினைத்து அதைக் கையில் எடுப்பீர்கள். ஓர் ஊசியை இரு முனையிலும் பிடித்து மெதுவாக இழுங்கள், கணுவில் கழன்று வரும். அந்த இடத்தை லென்ஸில் பார்த்தால் சுற்றிலும் பொடிப் பொடியாகப் பல் தெரியும். சவுக்கின் உண்மையான இலை அந்தப் பற்கள்தான். ஊசி என்பது மெல்லிய கிளை.

அடுத்தது கோரை. தண்டை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டு, தண்டு நெடுகக் கணுவே இல்லாமல் போனால் பெரும்பாலும் அது கோரைதான். புல்லின் தண்டில் கணு தெளிவாகத் தெரியும், இலைகள் இரண்டு வரிசையில் வரும். கோரையில் மூன்று வரிசை. மணல் மேட்டில் கயிறு பிடித்து நட்டதுபோல நேர்வரிசையில் முளைத்து, உச்சியில் ஒரே உருண்டைத் தலையோடு நிற்கும் செடி ஒன்றைப் பார்ப்பீர்கள். அதுவும் கோரை இனம்தான், சைபரஸ் அரினேரியஸ். மணலுக்கடியில் ஓடும் அதன் கிழங்குத் தண்டிலிருந்துதான் அந்த வரிசை வருகிறது.

கரையில் பட்டையாக ஒதுங்கும் கடற்புல் பெயரில் மட்டும்தான் புல். நெல், அருகம்புல் இருக்கும் குடும்பத்தில் அது சேராது.

படி 2: ராவணன் மீசையில் தொடங்குங்கள்

தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை போகும் வழியில் இரு பக்கமும் மணலைப் பாருங்கள். சாம்பல் பூத்த பச்சையில், விறைத்து வளைந்து, முனை ஊசியாக நிற்கும் இலைகள். இதுதான் ராவணன் மீசை, ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ். செருப்பில்லாமல் பக்கத்தில் போகாதீர்கள்.

இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியில் காம்போடு கூடிய கதிர்கள் கொத்தாக நிற்கும். பெண் செடியில் நாலாபக்கமும் முள் நீட்டிய பெரிய பந்து. அந்தப் பந்திலிருந்து ஒரு முள்ளை அடிவரை பிரித்து எடுங்கள். அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு சிறுகதிர் (புல்லின் பூ இருக்கும் சின்னச் செதில் பொதி) இருக்கும், விதை அதற்குள்தான். முற்றியதும் பந்து மொத்தமாகக் கழன்று, காற்று தள்ளும் திசையில் மணலில் உருண்டு போய் விதையைப் பரப்புகிறது. மணல் மேலே ஏறி மூடினாலும் இந்தச் செடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மறுபடி மேலே வந்துவிடும். அதனால்தான் இதைப் பிடுங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வேர் போனால் அந்த இடத்து மணலும் போய்விடும். படம் எடுத்தாலே போதும்.

படி 3: விரல் விரித்த கதிர்கள்

தொடங்குகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். தண்டின் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து விரல்போலக் கதிர்கள் பிரியும் புற்கள் பல. உயரத்தையும் நிறத்தையும் நம்பாதீர்கள். மழை பெய்தால் ஒன்று, காய்ந்தால் ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். விரலின் நுனியைப் பாருங்கள்.

விரல்கள் குட்டையாகத் தடித்து, சிலுவைபோல விரிந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் சிறுகதிர் இல்லாத கூர்முனை நீட்டிக்கொண்டிருந்தால் அது காக்காய்க்கால் புல், டாக்டிலோக்டீனியம் ஈஜிப்டியம். விரல்கள் மெலிந்து, நுனிவரை சிறுகதிர் நிறைந்து, செடி தரையோடு படர்ந்திருந்தால் அருகம்புல். அருகம்புல்லில் இலையும், தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் அதன் அடிப்பகுதியான உறையும் சேரும் இடத்தை லென்ஸில் பாருங்கள், குட்டை மயிர் வரிசை ஒன்று தெரியும். விரல்கள் நிறைய இருந்து, ஊதா நிறமோடிப் பஞ்சுபோலத் தெரிந்தால் மயில்கொண்டைப் புல், குளோரிஸ் பார்படா. அந்தப் பஞ்சுத் தோற்றம் சிறுகதிர்களில் இருக்கும் மெல்லிய ஊசி இழைகளால் வருவது.

படி 4: உவர் நிலம்

உப்பளத்து ஓரத்திலும் களர் பூமியிலும் தரையோடு ஒட்டிப் படரும், குட்டையான விறைத்த இலைகள் கொண்ட புல் ஒன்று உண்டு: ஏலுரோபஸ் லகோபாய்டஸ். கதிர் சின்னதாக, மயிரடர்ந்த நீள்உருண்டையாக இருக்கும். மழை இல்லாத நாளில் இலையை லென்ஸில் பாருங்கள், உப்புப் பொடி மினுங்கும். உள்ளே சேரும் உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன.

படி 5: பதிவு செய்வது

ஒரு செடிக்கு நான்கு படம் எடுங்கள்: முழுச் செடி, கதிர், இலை உறையிலிருந்து பிரியும் இடம், கணு. கதிரோடு அளவுகோலை வைத்து எடுக்க மறக்காதீர்கள். மேட்டு மணலா, தோப்பு நிழலா, உவர் நிலமா என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பாதிச் சந்தேகம் அதிலேயே தீரும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க வேண்டாம், கரையிலேயே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. அப்புறம், பெயர் பிடிபடாத புல்லை, செடி, உயிரினப் படங்களைப் பகிர்ந்து பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றும்போது ஊகப் பெயர் போடாமல், புல் குடும்பம் என்று மட்டும் போட்டு அந்த நான்கு படத்தையும் சேர்த்து விடுங்கள். தெரிந்தவர்கள் கதிரைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள்.